டோரா மீது இத்தனை கோபம் வேண்டாம்

கேள்வி இது: சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ படித்துக்கொண்டிருக்கிறேன், டேவிட் டோராவைக் கல்யாணம் செய்துகொண்ட இடத்திலிருந்து ஒரே எரிச்சலாக இருக்கிறது, ஒரு வேலையும் தெரியாத அந்தப் பெண்ணிடம் அவன் எதைக் கண்டான், பிறகு அவளைச் சாகடித்துவிட்டு சிறுவயதுத் தோழி ஆக்னஸை இரண்டாவது மனைவியாகக் கொண்டுவருவது ஆசிரியருக்கு வசதியான குறுக்குவழிதானே?

இந்த எரிச்சல் பலருக்கும் வருவதுதான். ஆனால் டோராவை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு டேவிட்டைப் பார்க்காமல் விட்டால் நாவலின் நடுப்பகுதி முழுக்க கைநழுவிப் போய்விடும். அந்தக் கல்யாணத்தில் தன்னை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தது டோராதான் என்பது என் கருத்து. டேவிட்டுக்கு அது புரிய வெகுகாலம் ஆகிறது, அதற்குள் அவள் போய்விடுகிறாள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கதை முடிவும் இதில் வரும், முழுவதும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று, டோரா டேவிட்டின் முதல் காதல் கிடையாது. யார்மத் கடற்கரையில் பழைய படகு வீட்டில் வளரும் எமிலி மீது சின்னப் பையனாக இருக்கும்போதே அவனுக்குப் பிரியம். 18ஆம் அத்தியாயத்தில் பள்ளிக்கூடக் காலத்து மயக்கங்கள் வரிசையாக வரும்: மிஸ் ஷெப்பர்ட் என்ற சிறுமிக்கு பிரேசில் கொட்டைகளைப் பரிசாகக் கொடுக்கிறான், அப்புறம் ஏறக்குறைய முப்பது வயதான மூத்த மிஸ் லார்கின்ஸை நினைத்து உருகுகிறான், அவர் ஹாப் கொடி பயிரிடும் ஒரு வயதானவரை மணந்துகொண்டு போய்விடுகிறார். ஆக, யாரைப் பார்த்தாலும் தலைகுப்புற விழுகிற சுபாவம் இவனுக்கு என்பதை டிக்கன்ஸ் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறார். தான் பிறப்பதற்கு முன்பே தந்தை போய், தாய் சின்ன வயதில் போய், பாட்டில் கழுவும் வேலைக்கு அனுப்பப்பட்ட பையன். அழகாக, மென்மையாக, சிரித்துக்கொண்டு இருக்கும் ஒரு பெண் அவனுக்கு என்னவாகத் தோன்றியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய அம்மா கிளாராவும் அப்படித்தான் இருந்தாள். சுருள்முடி, விளையாட்டுத்தனம், கணக்கு வழக்கு தெரியாத பயந்த சுபாவம். டேவிட் தேடிப் போனது அம்மாவைத்தான் என்று நாவல் எங்கும் பச்சையாகச் சொல்வதில்லை, ஆனால் இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தப்பவே தப்பாது.

டோராவைச் சந்திக்கும் இடம் 26ஆம் அத்தியாயம். லண்டனில் டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற இடத்தில், உயில், திருமண உரிமம், தம்பதியர் வழக்கு இவற்றையெல்லாம் கவனித்த பழைய சமய நீதிமன்றங்கள் இருந்தன. அங்கே தொழில் கற்க டேவிட்டைச் சேர்க்கிறார் அவன் அப்பாவின் அத்தை பெட்ஸி டிராட்வுட், அதற்குக் கட்டிய பணம் 1000 பவுண்டு. அந்த அலுவலக முதலாளி ஸ்பென்லோவின் ஒரே மகள் டோரா. நார்வுட் வீட்டில் அவளைப் பார்த்த நொடியில் ஆள் காலி. அவள் கிட்டார் வாசிக்கிறாள், பிரெஞ்சுப் பாட்டு பாடுகிறாள், ஜிப் என்ற குட்டி நாயைக் கொஞ்சுகிறாள். அந்தக் காலத்தில் ஓரளவு பணம் உள்ள வீட்டில் ஒரே பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான், அவள் அதைக் குறைவில்லாமல் கற்றிருக்கிறாள். சமையலும் கணக்கும் தெரியவில்லையே என்று அவளைக் குறை சொல்பவர்கள், அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சோதனை ஆரம்பிப்பது பணத்தில். பெட்ஸி அத்தையின் சொத்து போய்விட்டது என்று தெரிகிறது. டேவிட் மனம் தளரவில்லை, டாக்டர் ஸ்ட்ராங்கிடம் ஆண்டுக்கு 70 பவுண்டுக்குக் காலையும் மாலையும் வேலை, மிச்ச நேரத்தில் சுருக்கெழுத்துப் பயிற்சி என்று பேயாக உழைக்கிறான். இதை ஒரு வீரச் செயலாக நினைத்துக்கொண்டு போய், நான் இப்போது ஒரு பிச்சைக்காரன், என்னைக் காதலிப்பாயா என்று டோராவிடம் நாடகத்தனமாகக் கேட்கிறான். அவள் பயந்துபோய் அழுகிறாள், ஜிப்புக்குத் தினமும் பன்னிரண்டு மணிக்கு ஆட்டிறைச்சித் துண்டு வேண்டுமே என்கிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அங்கே நடந்தது என்ன? வறுமை என்றால் என்னவென்று தெரியாத ஒரு பெண்ணிடம், முன்பின் எதுவும் சொல்லாமல், தன் கஷ்டத்தை ஒரு சாகசக் கதை மாதிரி அவன் கொட்டுகிறான். அவள் பயத்தை அடக்கத் தெரியாமல் திகைத்து நிற்கிறான்.

பிறகு அவளுக்கு ஒரு சமையல் புத்தகமும் கணக்கு எழுதும் ஏடும் கொண்டுவந்து கொடுக்கிறான். புத்தகத்தைப் படித்தால் அவளுக்குத் தலைவலி, எண்களைப் பார்த்தால் அழுகை. கடைசியில் அந்தப் புத்தகம் ஜிப் ஏறி நின்று வித்தை காட்டும் மேடையாகிவிடுகிறது. ஆட்டின் தோள்கறி வாங்க வேண்டும் என்றால் எப்படி வாங்குவாய் என்று கேட்கிறான், கறிக்கடைக்காரருக்கு விற்கத் தெரியுமே, எனக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்கிறாள். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தான் யார் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒவ்வொரு நாளும் அவனிடம் காட்டிவிட்டாள். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. காதல் சேதியைக் கேட்டவுடனேயே பெட்ஸி அத்தை அவன் கண்ணில்லாதவன் என்று மூன்று தடவை சொல்கிறார், அதுவும் அவன் காதில் ஏறவில்லை.

இடையில் காதல் கடிதங்கள் பிடிபடுகின்றன. டேவிட்டின் சிறுவயதைப் பாழாக்கிய, அவன் மாற்றாந்தந்தையின் சகோதரி மிஸ் மர்ட்ஸ்டன் இங்கே டோராவுக்குத் துணையாக வந்து சேர்ந்திருக்கிறாள், அவள்தான் கண்டுபிடிக்கிறாள். ஸ்பென்லோ மறுக்கிறார், அன்றிரவே வண்டியில் வீடு திரும்பும்போது இறந்துபோகிறார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் உயிலைக் கவனித்தவர் தனக்கு உயில் எழுதி வைக்கவில்லை, சொத்தும் பெரிதாக மிஞ்சவில்லை. டோரா பட்னியில் இருக்கும் இரண்டு அத்தைகளிடம் போகிறாள். இந்தப் பகுதியை டிக்கன்ஸ் கொஞ்சம் வேகமாகவே கடக்கிறார், தடையாக நின்ற அப்பாவை இப்படி விலக்கியது எனக்கும் கதைக்காகச் செய்த ஏற்பாடாகவே படுகிறது. குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நான் முதலில் காட்டுவது இந்தச் சாவைத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு வரும் 44ஆம் அத்தியாயம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் சிறந்த பக்கங்களில் ஒன்று. விக்டோரியா காலத்து நாவல்கள் பெரும்பாலும் கல்யாண மணியோடு முடிந்துவிடும், இது அங்கிருந்துதான் வேலையை ஆரம்பிக்கிறது. வேலைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், கறி பாதி வேகாமல் மேசைக்கு வருகிறது. நண்பன் டிராடில்ஸ் சாப்பிட வந்த அன்று டோரா ஆசையாக ஒரு சின்னப் பீப்பாய் நிறைய சிப்பி வாங்கி வைத்திருக்கிறாள், அதைத் திறக்க வீட்டில் கத்தி இல்லை, இருந்திருந்தாலும் அவர்கள் இருவருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரியாது. டிராடில்ஸ் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தொரு வயதுப் பையனும் அவனைவிடச் சின்னப் பெண்ணும் நடத்தும் குடும்பம் வேறு எப்படி இருக்கும்?

முதல் சண்டை வந்த பிறகு டேவிட் அத்தையிடம் போய், நீங்கள் டோராவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதா என்று கேட்கிறான். அவர் முடியாது என்கிறார். உன் அம்மாவின் இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு உன் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார், அந்தக் கொடுமையை எனக்கும் டோராவுக்கும் செய்துவிடாதே என்கிறார். அவளிடம் இருக்கிற குணங்களை வைத்து அவளை மதிப்பிடு, இல்லாத குணங்களை வைத்து மதிப்பிடாதே, முடிந்தால் வளர்த்துப் பார், முடியவில்லை என்றால் அவை இல்லாமலே வாழப் பழகிக்கொள் என்பதுதான் அவர் சொல்லும் அறிவுரை. யாரிடமும் விட்டுக்கொடுக்காத, கழுதைகளைத் தோட்டத்திலிருந்து கம்பெடுத்து விரட்டுகிற அந்த மனுஷி, இந்த விஷயத்தில் காட்டுகிற நிதானம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். கிளாராவிடம் தான் கடுமையாக நடந்துகொண்டதை அவர் மறக்கவில்லை.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. டேவிட்டின் அம்மாவை இரண்டாவதாக மணந்த மர்ட்ஸ்டன், உறுதி வேண்டும் உறுதி வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, அவள் மனத்தைத் தான் நினைத்தபடி வார்க்கப் பார்த்து அவளை உயிரோடு கரைத்தான். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன், 48ஆம் அத்தியாயத்தில் டோராவின் மனத்தைப் பக்குவப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறான். ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டி அவளைச் சோர்வடையச் செய்கிறான், டிராடில்ஸிடம் பேசுவது மாதிரி அவள் காதில் விழும்படி உபதேசம் செய்கிறான். அவன் மர்ட்ஸ்டன் கிடையாது, அவனிடம் கொடூரம் இல்லை, அன்பு இருக்கிறது. ஆனால் செயல் அதே திசையில்தான் போகிறது, தான் ஒரு சிலந்தி மாதிரியும் அவள் ஈ மாதிரியும் ஆகிவிட்டதாக அவனே எழுதுகிறான். மாதக் கணக்கில் இப்படிப் போன பிறகு, அவளுடைய மனம் ஏற்கெனவே முழுதாக வார்க்கப்பட்டுவிட்டது போலிருக்கிறது என்று அவனுக்கு உறைக்கிறது. முயற்சியைக் கைவிட்டு அவளுக்கு ஒரு ஜோடிக் காதணியும் ஜிப்புக்கு ஒரு கழுத்துப்பட்டையும் வாங்கிக்கொண்டு வருகிறான். நாவலில் டேவிட் உண்மையாகவே ஒரு படி வளர்ந்த இடம் எது என்று கேட்டால், சுருக்கெழுத்து கற்றதையோ புத்தகம் எழுதிப் பேர் வாங்கியதையோ விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

டோராவோ இதற்கு வெகு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். 44ஆம் அத்தியாயத்தின் கடைசியில், என்னைக் குழந்தை மனைவி என்று கூப்பிடு என்கிறாள். வெறும் கொஞ்சலாக அதைக் கேட்கவில்லை. என் மேல் கோபம் வரும்போது, இது என் குழந்தை மனைவிதானே என்று நினைத்துக்கொள், நான் உனக்கு ஏமாற்றமாக இருக்கும்போது, இவள் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள் என்கிறாள். எவ்வளவு தெளிவான பேச்சு பாருங்கள். தன் எல்லை இதுதான் என்று தெரிந்து, அதற்குள் தன்னை நேசிக்க முடியுமா என்று ஒரு பெண் புருஷனிடம் கேட்கிறாள். அவன் இரவில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் பேனாக்களைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அந்த வேலை கிடைத்ததில் மகிழ்ந்துபோகிறாள். எப்போதாவது ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தால் கடைசியில் தன் பெயரைக் கையெழுத்திட்டுத்தான் கொடுப்பாள். அவனுடைய உலகத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவள் தவித்தது அந்தப் பேனாக்களில் இருக்கிறது. அவளுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதில் டிக்கன்ஸின் சொந்தக் கதையும் இருக்கிறது, அது தெரிந்தால் டோராவை அவர் ஏன் அவ்வளவு நெருக்கமாக எழுதினார் என்பது விளங்கும். 1830ல், பதினெட்டு வயதில், மரியா பீட்னெல் என்ற பெண்ணை அவர் காதலித்தார். அவள் அப்பா லண்டன் லொம்பார்ட் தெருவில் வங்கித் தொழிலில் இருந்தவர். டிக்கன்ஸ் அப்போது டாக்டர்ஸ் காமன்ஸில் சுருக்கெழுத்து நிருபர், அவருடைய அப்பா கடனுக்குச் சிறை போனவர். பெற்றோர் மரியாவைப் பாரிசுக்கு அனுப்பினார்கள், அவளும் மெல்ல மெல்ல விலகினாள், 1833ல் எல்லாம் முடிந்தது. இந்த நாவலுக்குச் சற்று முன்பு அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுத ஆரம்பித்து, மரியா வரும் பகுதியை நெருங்கியதும் தைரியம் போய் மிச்சத்தை எரித்துவிட்டதாகப் பின்னாளில் அவளுக்கே கடிதத்தில் சொன்னார். நேராக எழுத முடியாததை டேவிட்டின் வாயால் எழுதினார். உண்மையில் கிடைக்காத பெண்ணை நாவலில் கல்யாணம் செய்துவைத்து, கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைசிவரை போய்ப் பார்த்தார். சாதாரணமாகக் கைகூடாத காதலை எழுதுகிறவர்கள் அதைப் பொன்னாக்கிவிடுவார்கள். டிக்கன்ஸ் அதற்கு ஒரு வீடு கொடுத்து, கடன் கொடுத்து, வேகாத கறியும் கொடுத்தார்.

1855ல் மரியா, அப்போது திருமதி வின்டர், திடீரென அவருக்குக் கடிதம் எழுதினாள். டோராவில் உன் சாயலைக் கண்டிருப்பாய் என்று இவர் பதில் எழுதினார். நேரில் பார்த்தபோது பழைய மயக்கம் கலைந்தது, அடுத்து எழுதிய ‘லிட்டில் டோரிட்’ நாவலில் ஃபுளோரா ஃபின்சிங் என்ற, ஓயாமல் பேசும் நடுவயதுப் பெண்ணாக அவளைக் கொண்டுவந்தார். அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடிவதில்லை. டோராவிடம் காட்டிய கனிவை அவர் உயிரோடிருந்த மரியாவிடம் காட்டவில்லை.

சரி, சாவுக்கு வருவோம். நாவல் 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதத் தவணைகளாக, ஒரு தவணை ஒரு ஷில்லிங் என்று வெளிவந்தது. 1850 மே 7ஆம் தேதி டிக்கன்ஸ் தன் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், டோரா விஷயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை, இன்றே எடுத்தாக வேண்டும் என்கிறார். அதாவது அவர்கள் கல்யாணம் நடக்கும் தவணையை எழுதும் நேரத்தில்கூட அவளைச் சாகவிடுவதா வாழவிடுவதா என்று அவருக்கு உறுதியில்லை. பாதி புத்தகத்தில் தூக்கி எறியப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவள் அவள் என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம். ஆகஸ்ட் 16ல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, அதற்கு டோரா ஆனி என்று பெயர் வைத்தார், அதே மாதம் நாவலின் டோராவை முடித்தார். அந்தக் குழந்தையும் 1851 ஏப்ரலில் இறந்துபோனது.

நாவலில் டோராவின் குழந்தை பிறந்தும் பிறக்காமலுமாகப் போய்விடுகிறது, அதன் பிறகு அவள் எழுந்து நடமாடவே இல்லை. காலையில் கீழே, இரவில் மேலே என்று டேவிட் அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு போகிறான், கையில் கனம் குறைந்துகொண்டே வருகிறது. 53ஆம் அத்தியாயத்தில் அவள் பேசுவதை நிதானமாகப் படியுங்கள். நான் வயதில் மட்டுமில்லை, அனுபவத்திலும் எண்ணத்திலும் எல்லாவற்றிலும் சின்னவளாக இருந்துவிட்டேன், ஒரு பையனும் பெண்ணுமாக நேசித்துவிட்டு மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வருஷம் போகப் போக உனக்கு என் மேல் சலிப்பு வந்திருக்கும் என்கிறாள். இந்த ஆயிரம் பக்கக் கதையை எழுதும் டேவிட், தன் கல்யாணத்தைப் பற்றி நமக்கு நேராகச் சொல்லத் தயங்கிய அத்தனையையும் அவள் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறாள். அவன் மறுத்துப் பேசினாலும் அவள் சொன்னது தவறு என்று நாவல் எங்குமே காட்டவில்லை.

அதனால் குறுக்குவழியா என்ற கேள்விக்கு என் பதில்: கதைப்போக்கில் பார்த்தால் ஆமாம், சாவு டேவிட்டை விடுவிக்கிறது. அன்றைக்கு இங்கிலாந்தில் விவாகரத்து நீதிமன்றமே 1857 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது, அதற்கு முன் முழு விடுதலை வேண்டும் என்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்க வேண்டும், பெரும் பணக்காரர்களுக்கே அது ஆகும். ஒத்துப்போகாத கல்யாணத்துக்கு இரண்டே முடிவு, சகித்துக்கொள்வது அல்லது சாவு. இதில் முதலாவதை டிக்கன்ஸ் தன் சொந்த வாழ்க்கையில் பார்த்தார். 1836ல் கேத்தரினை மணந்து, பத்துக் குழந்தைகளுக்குப் பிறகு, 1858ல் பிரிந்தார், அந்தப் பிரிவில் அவர் மனைவியை நடத்திய விதம் கௌரவமானது அல்ல. டோரா பிழைத்திருந்தால் டேவிட்டின் கதை அங்கே போய் நின்றிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு.

ஆக்னஸ் விஷயத்தில் உங்கள் குறையை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பொறுமையாக, மேல்நோக்கி விரல் காட்டிக்கொண்டு, கோயில் கண்ணாடி ஓவியம் மாதிரி நிற்கிறாள், ரத்தமும் சதையுமாக ஒரு நொடிகூட எனக்குத் தெரிந்ததில்லை. ஜார்ஜ் ஆர்வெல்லுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. தன் இடத்துக்கு வேறு யாரும் வராமல் நீ மட்டுமே வர வேண்டும் என்று டோரா சாகும்போது கேட்டுக்கொண்டதாக ஆக்னஸ் 62ஆம் அத்தியாயத்தில் சொல்கிறாள். அங்கும் டேவிட்டுக்கு வழி காட்டுவது டோராதான்.

டோரா கதைக்குச் சரியான எதிர்முனை ஆக்னஸ் கிடையாது, டிராடில்ஸ் காதலிக்கும் சோஃபிதான். டெவன்ஷயர் பாதிரியாரின் பத்துப் பெண்களில் ஒருத்தி. காத்திருப்போம், நம்பியிருப்போம் என்று சொல்லிக்கொண்டே இருவரும் வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்கள், வரப்போகும் வீட்டுக்காக டிராடில்ஸ் வாங்கி வைத்தது ஒரு பூந்தொட்டியும் பளிங்கு மேல்பலகை போட்ட ஒரு சின்ன வட்ட மேசையும்தான். எமிலி, அவளை ஏமாற்றிக் கூட்டிப்போகும் டேவிட்டின் பள்ளித் தோழன் ஸ்டீர்ஃபோர்த், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹாம் மூவரின் கதையும் இளம் காதலின் சோதனைதான் என்றாலும் அதில் ஏமாற்றமும் வர்க்கமும் பெரிய பங்கு எடுத்துக்கொள்கின்றன, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். சோஃபி வீட்டு வேலையும் தெரிந்தவள், சிரிக்கவும் தெரிந்தவள். 61ஆம் அத்தியாயத்தில் டிராடில்ஸ் ஒரு வழக்குத் தாளைக் காட்டி இந்தக் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று டேவிட்டிடம் கேட்கிறான், விறைப்பான குமாஸ்தா எழுத்து, அதை எழுதியது சோஃபி. கணவனுக்கு உதவ அவளே பழகிக்கொண்டது. டோரா பேனாக்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் இதே ஆசையில்தான். நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் 44, 48, 53 மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு நேராக இந்த 61க்கு வாருங்கள், எரிச்சல் யார் மேல் மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.